ஒன்பதாம் நம்பர் மலையில் சொல்லாமல் விட்டது

கருங்காட்டுத் தோட்டம், மேற்பிரிவு,
நோட்டன் பிரிட்ஜ்.
02.03.2025

வடிவு,

போனில் பேச மாட்டேன் என்று உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். ஏன் என்று கேட்டாயாம். போனில் ஒன்றைச் சொல்லிவிட்டு மறுநாள், "நான் அப்படிச் சொல்லவே இல்லையே மதினி" என்கிறாய். போன மாதம் இரண்டு தடவை ஆகிவிட்டது. இனி எதுவானாலும் தாளில் எழுது. நானும் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில்தான் எழுதுவேன். கோபம் வரும் இடத்தில் மட்டும் வாய்த்தமிழ் வந்துவிடும், பொறுத்துக்கொள்.

நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். எது பொய் என்று நீ சொல்.

நவம்பரில் உன் நிறுவனத்து ஆட்களோடு கண்டியிலிருந்து வந்து, கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் எங்களை உட்கார வைத்து வகுப்பு எடுத்தாய். சிறுத்தையைக் கண்டால் கத்தக்கூடாது என்றாய். நோட்டீஸ் கொடுத்தாய். அதற்குப் பிறகு நாங்கள் பொலி சொல்வதை விட்டோம். தேயிலை நிரையின் தலையில் நின்று எல்லாரும் ஒரே குரலில் "பொலியோ பொலி" என்று கூவிவிட்டுத்தானே முதல் கொழுந்தைக் கிள்ளுவோம்? அதை விட்டோம். பெப்ரவரி பதினொன்றாம் திகதி ஒன்பதாம் நம்பர் மலைக்குள் சத்தமில்லாமல் இறங்கினோம். தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்துச் செடியடியில் சிறுத்தை இரண்டு குட்டிகளோடு படுத்திருந்தது. என் கூட்டத்துப் பிரியந்தியின் நிரை அது. அவள் செடிக்குள் கையை விட்டதும் பாய்ந்துவிட்டது. தோளிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்திருக்கிறது. வலது கை.

கூட்டத்தைச் சத்தமில்லாமல் இறக்கியது கங்காணியின் குற்றம் என்று தோட்டத்துத் துரை என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார். இந்தப் பிரிவில் கங்காணியாக நின்ற முதல் பொம்பளை நான். மொத்தம் எட்டு மாதம். ஆம்பளைகள் லயத்து வாசலில் நின்று, "பொம்பளைகிட்ட கங்காணிக் கம்பக் குடுத்தா இப்புடித்தான்" என்று எனக்குக் கேட்கும்படி பேசுகிறார்கள்.

இம்மாதம் 29ஆம் திகதி, வேலைக்குப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில், எல்லார் முன்னாலும் துரை முடிவு சொல்வார். அன்று நீ வந்து, கத்தக்கூடாது என்று சொன்னது நான்தான் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

பதிலைத் தோட்டத்து ஆபீசுக்கு அனுப்பாதே. அங்கே என் கடிதத்தை எனக்கு முன்னால் நாலு பேர் படிப்பார்கள். ஹட்டனில் ஜமால்தீன் நானாவின் கடைக்கு அனுப்பு. பஸ்காரரிடம் கொடுத்துவிடுவார்.

ஜீவராணி


கலஹா
09.03.2025

மதினி,

உங்கள் கடிதம் நான் புறப்பட்ட அன்று கிடைத்தது. பையில் வைத்துக்கொண்டே இரண்டு நாள் நடந்தேன்.

அண்ணன் சொல்லியிருப்பார். கண்டிக்கு மேலே தொடங்கி, ஹட்டன், ஹப்புத்தளை, உடப்புசல்லாவை என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிற நடைபாதையில் நடக்கிறேன். முந்நூறு கிலோமீற்றர். இருபத்திரண்டு நாள், தனியாக. லீவு போன வருடமே எழுதிக் கொடுத்தது. பிரியந்திக்கு நடந்ததற்குப் பயந்து ஓடுகிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். நினையுங்கள். ஆனால் திகதிகள் அப்படிச் சொல்லவில்லை.

நோட்டீஸ் ஒன்று என் பையிலும் இருக்கிறது. அதில் உள்ளது இதுதான்: "சிறுத்தையை நேருக்கு நேர் கண்டால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள், மெல்லப் பின்வாங்குங்கள்." நேருக்கு நேர் கண்டால். மலைக்குள் இறங்கும்போது என்ன செய்வது என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. பொலி என்ற சொல்லே இல்லை. எழுதாத ஒன்றுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? வகுப்பில் முப்பத்தைந்து பேர் இருந்தீர்கள். ஆளுக்கொரு மாதிரி விளங்கிக்கொண்டால் அதுவும் என் கணக்கிலா?

பிரியந்திக்கு நடந்தது எனக்கு வருத்தம்தான். வருத்தம் வேறு, பொறுப்பு வேறு.

29ஆம் திகதி நான் உடப்புசல்லாவையைத் தாண்டி இருப்பேன். வர முடியாது. தங்கும் இடங்களின் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் அந்த முகவரிகளுக்கு எழுதுங்கள்.

இங்கே இன்று ஒரு மலை அணிலைப் பார்த்தேன். பூனை அளவு. பலா மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தியது, பத்து நிமிடம், மூச்சு விடாமல். உங்கள் ஞாபகம் வந்தது. அட்டை இரண்டு காலிலும்.

சண்முகவடிவு


கருங்காடு
13.03.2025

வடிவு,

அணிலா நான்? சரி.

உன் கடிதத்தை மீனம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, அன்றைக்கு உன்னிடம் கேள்வி கேட்டது அவள்தான். "எழுதல" என்ற இடம் வந்ததும் சிரித்துவிட்டாள்.

"எழுதல, சரி. நா கேட்டேனே அக்கா. நோட்டீஸெல்லாம் குடுத்து முடிஞ்ச பொறவு எந்திரிச்சு நின்னு கேட்டேன். அப்ப மலையில எறங்கறப்ப பொலி சொல்றமே மிஸ், அது என்னான்னு. மிஸ்ஸு என்னா செஞ்சாங்க? கூட வந்த கொழும்புப் பொண்ணப் பாத்தாங்க. பெறகு மணிக்கூட்டப் பாத்தாங்க. பெறகு ஒரு சிரிப்பு. அதையும் கொறைச்சுக்கிட்டா நல்லதுதான்னாங்க."

"நெசமாவாடி?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னா மறதியா? அம்பத்தாறு வயசுல எந்திரிச்சு ஒரு கேள்வி கேட்டிருக்கேன். பதில மறப்பனா?"

அந்தச் சிரிப்பு எனக்கும் ஞாபகம் இருக்கிறது. நீ முதல்முதல் கம்பஸிலிருந்து லீவுக்கு வந்தபோது, நான் கோழி அறுத்து மாடனுக்குப் படைத்ததைப் பார்த்து அதே மாதிரிச் சிரித்தாய். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த புதுப்பெண், நாத்தனார் சிரித்தால் நானும் சிரிப்பேன்.

பட்டியலில் 16ஆம் திகதி நோர்வூட் என்று இருக்கிறது. அங்கிருந்து நம் வீட்டுக்கு வர எவ்வளவு நேரம் என்று உனக்குத் தெரியும். ஒரு நாள் தங்கிப் போ. சோறு ஆக்கி வைக்கிறேன். சண்டை சாப்பிட்ட பிறகு. அண்ணன் கடைக்குப் போய்க் கருவாடு வாங்கி வந்துவிட்டார்.

ஜீவராணி


பொகவந்தலாவை
18.03.2025

மதினி,

நான் வரவில்லை. சாக்குச் சொல்லப்போவதில்லை. பையைக் கட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்குப் போனேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் வந்தது. அதிலும் ஏறவில்லை. பிறகு எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டேன். இந்த நடையில் அது ஒரு வசதி. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் நடக்கலாம், அது ஏதோ செய்வது போல இருக்கும்.

மீனம்மா சொல்வது எனக்கு நினைவில்லை. அவர் பொய் சொல்வதாகச் சொல்லவில்லை. நினைவில்லை என்கிறேன்.

இன்று காலை நடந்ததைச் சொல்ல வேண்டும். யூகலிப்டஸ் காட்டின் ஓரம், பனி விலகாத நேரம். பாதை திரும்பும் இடத்தில் ஒரு மரைமான் குட்டி செத்துக் கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் சிறுத்தை நின்றது. ஆண். இருபதடிகூட இருக்காது. இருபத்தாறு வருடமாக இந்த மிருகத்தைப் பற்றி எழுதுகிறேன், பேசுகிறேன், கமரா வைத்துப் படம் எடுக்கிறேன். தூரக்கண்ணாடி இல்லாமல், வாகனம் இல்லாமல் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நோட்டீஸில் உள்ளதையே செய்தேன். ஓடவில்லை. கத்தவில்லை. முகத்தைத் திருப்பாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் வந்தேன். அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு மரைக்குட்டியின் கழுத்தைக் கவ்விக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டது. அவ்வளவுதான்.

நான் சொல்லிக்கொடுத்தது சரி, மதினி. ஒவ்வொரு வரியும் சரி. அது நிரூபணமாகிவிட்டது. மனம் ஆற வேண்டும். ஆறவில்லை. அப்போதிருந்து இருபத்திரண்டு கிலோமீற்றர் நடந்திருக்கிறேன், ஒரு இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை.

அண்ணனிடம் கருவாட்டுக்காக மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

சண்முகவடிவு


கருங்காடு
20.03.2025

வடிவு,

ஜமால்தீன் நானா உன்னை ஹட்டனில் பார்த்தாராம். "தங்கச்சி சொக்ஸ் ரெண்டு சோடி வாங்கிட்டுப் போனாங்க, ஊட்டுக்கு வாறாங்கன்னு நெனச்சேன்" என்றார். நானும் நினைத்தேன். அன்றைக்கு இரவு வரை சோற்றை மூடி வைத்திருந்தேன்.

உன் சிறுத்தை கதையைப் படித்தேன். நல்ல கதை. உனக்கு முன்னால் பாதை இருந்தது, பின்னாலும் பாதை இருந்தது. இருபதடி தள்ளி நின்று அதுவும் உன்னைப் பார்த்தது, நீயும் அதைப் பார்த்தாய். தேயிலைக்குள்ள எங்கடி பின்னால போறது? இடுப்பு வரைக்கும் செடி. பின்னால அடுத்தவ. முதுகுல கூடை. கைய விட்டாத்தான் உள்ள என்னா இருக்குன்னே தெரியும்.

பிரியந்தியைப் பார்க்க நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார் டாக்டர். அவள் இடது கையால் பிடித்து ஒட்ட வைத்துக் காட்டினாள். விட்டதும் விலகிக்கொண்டது. "கொழுந்து கிள்ள இது ரெண்டுந்தானே அக்கா வேணும்?" என்றாள். அழவில்லை. தகவல் கேட்பது மாதிரிக் கேட்டாள்.

இன்னும் ஒன்பது நாள்.

ஜீ.


தெமோதரை
24.03.2025

மதினி,

இந்தக் கடிதத்தை மீனம்மாவுக்குப் படித்துக் காட்டினாலும் பரவாயில்லை.

நேற்று முன்தினம் ஹப்புத்தளையைத் தாண்டி, கைவிட்ட தேயிலை மலை ஒன்றின் வழியாக வந்தேன். செடிகள் மரமாகிவிட்ட இடம். மானாப் புல் தலைக்கு மேல். வழக்கம் போலச் சத்தமில்லாமல் நடந்தேன். காட்டில் சத்தமில்லாமல் நடப்பதுதான் எங்கள் தொழிலில் மரியாதை. புல்லை விலக்கினேன். பெட்டைப் பன்றி, பின்னால் ஏழெட்டுக் குட்டிகள். எனக்கும் அதற்கும் இடையில் ஒரு முழம்தான். பின்வாங்க நேரமே இல்லை. அது என்னை முட்டித் தள்ளிவிட்டுப் போனது. கானுக்குள் விழுந்தேன். இடது முழங்கால் வீங்கியிருக்கிறது, கடிபடவில்லை. அது என்னைக் கொல்ல வரவில்லை. நான் வருவதே அதற்குத் தெரியாது.

கானுக்குள் கிடந்தபடி நீங்கள் எழுதியதை நினைத்தேன். கையை விட்டால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

அதன் பிறகு வழியெல்லாம் சாப்பாட்டுத் தட்டைக் கம்பால் தட்டிக்கொண்டு நடக்கிறேன். எல்ல ஊருக்குப் பக்கத்தில் எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, நான் பறவைகளை விரட்டுகிறேன் என்று கண்டித்தார்கள். மனைவி என்னிடம் ஒரு நோட்டீஸ் கொடுத்தார். காட்டில் எப்படி நடந்துகொள்வது என்று. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மீனம்மா கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. எப்போதும் நினைவிருந்தது. அவர் எழுந்து நின்றதும், எங்கள் நிறுவனத்துக்குப் புதிதாக வந்த அந்தக் கொழும்புப் பெண் என் பக்கம் திரும்பி, "பொலி என்றால் என்ன?" என்று கேட்டாள். நான் லயத்தில் பிறந்தவள் என்று அவளுக்குத் தெரியாது. விளக்கினால் தெரிந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. சிரித்தேன். குறைத்துக்கொண்டால் நல்லது என்றேன். அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்த நிமிடம் என் வாயில் வந்தது.

இத்துடன் ஒரு தாளில் இதை எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன், என் பதவியும் அடையாள அட்டை இலக்கமும் சேர்த்து. 29ஆம் திகதி துரையிடம் கொடுங்கள்.

சண்முகவடிவு


கருங்காடு
26.03.2025

வடிவு,

இதை உடப்புசல்லாவைக்குப் போகிற லொறியில் நானாவின் மருமகன் சப்ராஸிடம் கொடுத்தனுப்புகிறேன். தபால் போய்ச் சேராது.

உன் தாள் வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன், உள்ளே இருக்கிறது. தாளைத் துரை வாங்கி மேசையில் வைப்பார். கணக்கப்பிள்ளை அதை ஃபைலில் போடுவார். பெரட்டில் நிற்கிற இருநூறு பேருக்கு அதில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? நானே வாசித்தால், "ஒன் நாத்தனாக்கிட்ட நீயே எழுதி வாங்கிட்ட" என்பார்கள்.

எழுது எழுது என்று சொன்னது நான்தான். அது எனக்கும் உனக்கும் நடுவில். பெரட்டில் எழுத்து எடுபடாது, ஆள் நிற்க வேண்டும்.

முழங்காலுக்கு எண்ணெய் போட்டாயா? பட்டியலில் பார்த்தேன், உனக்கு இன்னும் மூன்று நாள் நடை மிச்சம். 29 காலை ஆறு மணி.

ஜீ.


கருங்காடு
30.03.2025

வடிவு,

நேற்று நீ ஒரு வாய் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் பத்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாய். "மிச்சத்தை நடந்து முடிக்கணும் மதினி" என்றாய். நான் உன்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் இப்போது எழுதப்போவதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

நீ நொண்டிக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்தபோது, "யாருடா இது, சேறும் சகதியுமா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள். நீ துரைக்குச் சிங்களத்தில் சொல்லாமல், எங்களைப் பார்த்துத் தமிழில் சொன்னாய். பொலி சொல்லாதீங்கன்னு சொன்னது நான், எனக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிஞ்ச மாதிரிச் சொன்னேன், இவங்க மேல குத்தம் இல்லை என்று. லயத்துப் பேச்சில் சொன்னாய். உன் வாயில் அதைக் கேட்டு முப்பது வருடம் இருக்கும். துரை அங்கேயே என்னை மறுபடி வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார். இனி வெளியாட்கள் யாரும் தோட்டத்துக்குள் வகுப்பு எடுக்கக்கூடாது என்றும் சொன்னார்.

இப்போது கேள். நீ வகுப்பு எடுத்த பிறகு பொலி சொல்வதை விட்டோம், அது உண்மை. ஆனால் இரண்டு மாதம்தான். தைப்பொங்கலுக்கு மறுநாள் மீனம்மா, "எனக்கு வாய் நமநமங்குது, நா சொல்லப்போறேன்" என்று தொடங்கிவிட்டாள். எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். அதன் பிறகு ஒரு நாளும் விடவில்லை. பெப்ரவரி பதினொன்றாம் திகதி வரை.

அன்று காலை நாங்கள் ஒன்பதாம் நம்பர் மலைக்கு மேலே நின்றபோது, பாதையில் நடைக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். பெரிய பைகள், கையில் ஊன்றுகோல், உன்னை மாதிரியே. ஒருவன் போனைத் தூக்கி எங்களைப் படம் பிடித்தான். மீனம்மா என்னைப் பார்த்து, "சொல்லவா?" என்றாள். எனக்கு உன் சிரிப்பு ஞாபகம் வந்தது. இவர்களுக்கு முன்னால் கத்துவது எப்படி இருக்கும் என்று வெட்கமாகிவிட்டது. கையில் கம்போடு கங்காணியாக நிற்கிறேன் அல்லவா. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இறங்கினோம்.

வெட்கம் உன்னிடமிருந்து வந்தது. தலையை ஆட்டியது நான்.

என் கூட்டத்தில் பதினாறு பேருக்கும் இது தெரியும். பிரியந்திக்கும் தெரியும். எனக்காக எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நேற்று நீ பேசும்போதும் மூடிக்கொண்டுதான் நின்றார்கள். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், ஒருத்தியும் உன் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை பெரட்டில் இதைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். சொன்னால் கம்பு போய்விடும். உன் அண்ணன் வேண்டாம் என்கிறார். நீ என்ன சொல்கிறாய்?

ஜீவராணி


நுவரெலியா
02.04.2025

மதினி,

நேற்று மாலை நடந்து முடித்தேன். முடிகிற இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. பக்கத்தில் ஒருவர் புத்தகத்தில் முத்திரை குத்தி, "கொங்கிராட்ஸ் மிஸ்" என்றார். ஒரு தடவைகூட உட்காராமல் இருபத்திரண்டு முத்திரையையும் எண்ணிப் பார்த்தேன். பிறகு தங்கும் இடத்துக்கு வந்தால் உங்கள் கடிதம்.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கப்போவதில்லை. சேறு காயாத காலோடு வந்து இருநூறு பேர் முன்னால் நின்றேன். அங்கே நின்ற பதினாறு பேருக்கு நான் சொல்வது பாதி உண்மை என்று தெரிந்திருக்கிறது. என் நிறுவனத்துக்கும் எழுதிவிட்டேன், அந்த நோட்டீஸைத் திரும்பப் பெறச் சொல்லி. இனி என்னை வகுப்பு எடுக்க எங்கும் அனுப்ப மாட்டார்கள். நீங்கள் இதை 29ஆம் திகதிக்கு முன்னால் எழுதியிருக்கலாம். அதற்குள் நான்கு கடிதம் எழுதினீர்கள்.

ஊர்க்குளம் வரை நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். நடை முடிந்துவிட்டது என்று காலுக்கு விளங்கவில்லை.

என்ன சொல்கிறாய் என்று கேட்கிறீர்கள். சொல்லுங்கள் என்றால், என் பெயரைப் பாதி கழுவிக்கொள்வதற்காகச் சொல்வது போல இருக்கும். சொல்லாதீர்கள் என்றால், நான் பெரிய மனுஷி ஆகிவிடுவேன். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்கள் கம்பு போவதும் பிடிக்கவில்லை. அந்த ஆம்பளைகளின் சிரிப்பை நினைத்தாலே எரிகிறது. நீங்கள் என்ன செய்தாலும், செய்த பிறகு எனக்கு எழுதுங்கள். முதலில் எனக்கு எழுதுங்கள்.

சண்முகவடிவு


கருங்காடு
05.04.2025

வடிவு,

நேற்றுச் சொன்னேன்.

துரைக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப அந்த மிஸ் சொன்னது?" என்றார். அதுவும் உண்மை, இதுவும் உண்மை என்றேன். கணக்கப்பிள்ளை, "இந்தக் குடும்பத்துல எல்லாரும் வந்து வந்து குத்தத்த ஒத்துக்கிறாங்க சேர், அடுத்தது யாருன்னு தெரியல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். துரை சிரிக்கவில்லை. கம்பை வாங்கி மீனம்மாவிடம் கொடுத்தார். நான் கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்துக்குப் போகிறேன். திரும்பக் கிடைக்குமா என்று தெரியாது. ஆம்பளைகள் பேசுவார்கள் என்று நினைத்தேன். பொம்பளையிடமிருந்து வாங்கிப் பொம்பளையிடமே கொடுத்ததில் அவர்களுக்கு வாய் அடைத்துப்போயிற்று.

மீனம்மா கம்பை அகப்பை மாதிரிப் பிடிக்கிறாள். "அக்கா, எந்த நிரை ஒங்களுக்கு வேணும்?" என்று என்னிடமே கேட்கிறாள். "கங்காணி கேக்கக் கூடாதுடி, சொல்லணும்" என்றேன். கிள்ளாமல் இருந்த எட்டு மாதத்தில் என் விரலுக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. பத்து மணிக்கே வலி.

கோபப்பட்டதாக எழுதியிருந்தாய். படு. நியாயம்தான். 29க்கு முன்னால் எழுதாதது பயத்தில். நீ வராமல் போய்விடுவாய் என்று.

பிரியந்தி வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்றுப் பெரட்டுக்கும் வந்திருந்தாள். திரும்பும்போது என்னோடு நடந்தாள். என்மேல் கோபமா என்று கேட்டேன். "கோவப்பட்டு என்னாக்கா" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "மிஸ்ஸுகிட்ட ஒன்னு கேக்கணும். ஒங்களுக்கு எழுதறாங்கல்ல, எனக்கும் எழுதுவாங்களா?" என்றாள்.

அவள் கேட்பது இதுதான். அது அவள் மேல் ஏறி நின்றது. முகத்துக்கு நேரே முகம். மூச்சு பட்டதாம். கழுத்தைக் கடித்திருக்கலாம். கடிக்கவில்லை. இறங்கிக் குட்டிகளிடம் போய்விட்டது. ஏன் விட்டது? தினமும் அதையே நினைக்கிறாளாம், தூங்க முடியவில்லையாம். சாமி காப்பாத்துச்சுன்னு அம்மா சொல்றாங்க, நீ செத்த மாதிரிக் கெடந்தன்னு மீனம்மாக்கா சொல்றாங்க, படிச்சவங்க என்னா சொல்வாங்க என்று கேட்கிறாள்.

தெரிந்தால் எழுது. இல்லாததைச் சேர்த்து எழுதாதே.

ஜீவராணி


கண்டி
08.04.2025

மதினி,

நேற்று முழுவதும் பிரியந்திக்கு எழுதப் பார்த்தேன். நான்கு தாள் கிழித்தேன்.

தாய்ச் சிறுத்தை பற்றி எங்கள் புத்தகங்களில் இரண்டு விளக்கம் இருக்கிறது. முதல் தாளில் ஒன்றை எழுதினேன், இரண்டாம் தாளில் மற்றதை. இரண்டையும் எழுதியவர்கள் தூரத்திலிருந்து பார்த்தவர்கள். ஒருவர் முகத்திலும் அதன் மூச்சு பட்டதில்லை. மூன்றாம் தாளில் மன்னிப்புக் கேட்டேன். அவள் அதைக் கேட்கவில்லையே என்று கிழித்தேன். நான்காம் தாளில் ஒரே சொல்தான் எழுதினேன். அதைத் தபாலில் அனுப்ப மனம் வரவில்லை.

தெரியாது, மதினி. ஏன் விட்டது என்று எனக்குத் தெரியாது. அதை அவளிடம் நேரில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, என்ன நடந்தது என்று முதலிலிருந்து அவளிடமே கேட்க வேண்டும். அது எந்தப் பக்கம் பார்த்தது, காது எப்படி இருந்தது, குட்டிகள் சத்தம் போட்டனவா, எவ்வளவு நேரம். அவ்வளவு அருகிலிருந்து பார்த்துவிட்டு வந்து சொல்ல எனக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

இதை இன்றே ஹட்டன் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன், நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் வருகிறேன். எழுதிக்கொள்ளக் கொப்பி கொண்டுவருவேன். அவள் வேண்டாம் என்றால் எழுத மாட்டேன், உட்கார்ந்து கேட்பேன்.

வடிவு